காசு கொடுத்து டாட்ஃபைல்ஸ் தொகுப்பு வாங்கப் போகிறீர்களா? முதலில் ஸ்கிரிப்டைத் திறந்து படியுங்கள்

டீம் முழுக்க ஒரே மாதிரி ஷெல், எடிட்டர் அமைப்பு வேண்டும் என்று தேடுகிறவர்களுக்கான எச்சரிக்கை இது. "ஒரே கமாண்ட், எல்லாம் ரெடி" என்று விற்கப்பட்ட ஒரு டாட்ஃபைல்ஸ் (ஷெல், எடிட்டர் அமைப்புகள் உள்ள, புள்ளியில் தொடங்கும் பெயர் கொண்ட ஃபைல்கள்) தொகுப்பை எங்கள் டீமுக்குக் காசு கொடுத்து வாங்கினோம். விற்றவரே எல்லா லேப்டாப்பிலும் நிறுவிக் கொடுத்தார். அவர் பெயர் இங்கே தேவையில்லை. அந்த ஸ்கிரிப்டில் இருந்தவை வேறு எந்தத் தொகுப்பிலும் இருக்கலாம் என்பதால் அவற்றை மட்டும் எழுதுகிறோம்.

முதல் அடி பழைய ஃபைல்களுக்கு. ஸ்கிரிப்ட் ஒவ்வொரு ஃபைலையும் '.பேக்' என்று பெயர் மாற்றி வைத்துவிட்டு, அந்த இடத்தில் தன் ஃபோல்டருக்கு சிம்லிங்க் (வேறு இடத்தில் உள்ள ஃபைலைச் சுட்டும் குறி) போடுகிறது. ஒருமுறை ஓடினால் பிரச்சினை இல்லை. நடுவில் நெட் போய் இரண்டாம் முறை ஓட்டினால், இப்போது '.பாஷ்ஆர்சி' (பாஷ் ஷெல்லின் அமைப்பு ஃபைல்) என்று இருப்பது சிம்லிங்க்தானே? அதையே '.பேக்' ஆக மாற்றி, உண்மையான பேக்கப்பின் மேல் எழுதிவிடுகிறது. பல வருடம் சேர்த்த அலியாஸ்களும் (கமாண்டுகளின் சுருக்கப் பெயர்கள்) ஃபங்ஷன்களும் போச்சு. ஏற்கெனவே இருப்பது சிம்லிங்கா என்று பார்த்து, தேதியும் நேரமும் பெயரில் உள்ள தனி ஃபோல்டரில் பேக்கப் எடுப்பதுதான் சரியான முறை.

நியோவிம் எடிட்டரின் அமைப்பு ஃபோல்டர் ஏற்கெனவே வைத்திருந்தவர்களுக்கு வேறு கோளாறு. இலக்கு இடத்தில் நிஜமான ஃபோல்டர் இருந்தால், லிங்க் போடும் 'எல்என் -எஸ்எஃப்' கமாண்ட் அதை மாற்றாது. அந்த ஃபோல்டருக்கு உள்ளே இன்னொரு லிங்கைப் போட்டுவிட்டு, எந்தப் பிழையும் சொல்லாமல் முடித்துவிடும். புது செட்டிங் வரவே வராது. பழைய ஃபோல்டரை நகர்த்திவிட்டுத்தான் லிங்க் போட வேண்டும்.

கோடின் மாற்றங்களைப் பதிவு செய்யும் கிட் கருவியின் '.கிட்கான்ஃபிக்' ஃபைலில் விற்றவரின் பெயரும் மின்னஞ்சலும் அப்படியே இருந்தன. எங்கள் கமிட்டுகள் அவர் பெயரில் போயின. 'கிட் கான்ஃபிக் --ஷோ-ஆரிஜின் --கெட் யூசர்.ஈமெயில்' என்று கேட்டால், எந்த மின்னஞ்சல், எந்த ஃபைலிலிருந்து வருகிறது என்று காட்டும். இன்னும் புஷ் செய்யாத கடைசி கமிட்டை 'கிட் கமிட் --அமெண்ட் --ரீசெட்-ஆத்தர்' கொண்டு திருத்தலாம். புஷ் செய்தவற்றின் வரலாற்றை மாற்றப் போய் மற்றவர்களுக்குத் தலைவலி தராதீர்கள்.

தொலைவில் உள்ள சர்வருக்குள் நுழையப் பயன்படும் எஸ்எஸ்எச்சின் கான்ஃபிக் இன்னும் மோசம். 'ஹோஸ்ட் *' என்பதன் கீழே ஏஜென்ட் ஃபார்வர்டிங் ஆன். ஹோஸ்ட் கீ சோதனை (சர்வர் உண்மையானதுதானா என்று பார்ப்பது) ஆஃப். ஏஜென்ட் ஃபார்வர்டிங் ஆனில் இருந்தால், நீங்கள் எந்த சர்வரில் நுழைந்தாலும், இணைப்பு இருக்கும்வரை அங்கே ரூட் அதிகாரம் உள்ளவர் உங்கள் சாவியைப் பயன்படுத்தி மற்ற சர்வர்களுக்குப் போக முடியும். சாவியின் நகல் அவருக்குக் கிடைக்காது, ஆனால் பயன்படுத்த அதுவே போதும். இந்த இரண்டு வரிகளும் எல்லா ஹோஸ்டுக்கும் பொதுவாக இருக்கவே கூடாது.

எல்லாவற்றையும் விட எங்களைக் கொதிக்க வைத்தது '.பாஷ்ஆர்சி'யின் கடைசிப் பகுதி. புது டெர்மினல் திறக்கும்போதெல்லாம் அது விற்றவரின் ரெப்போவிலிருந்து 'கிட் புல்' செய்து, வந்ததை அப்படியே சோர்ஸ் செய்கிறது, அதாவது ஷெல்லுக்குள் ஓட்டுகிறது. வீட்டை விற்ற பிறகும் மாற்றுச் சாவியைத் தானே வைத்துக்கொண்ட மாதிரி. அந்த ரெப்போவில் எழுதும் உரிமை உள்ள யாரும், அல்லது அந்தக் கணக்கைத் திருடியவர் யாரும், நம் மெஷினில் நம் உரிமையோடு எதை வேண்டுமானாலும் ஓட்டலாம். விற்கும்போது இதைப் பற்றி ஒரு வார்த்தை சொல்லவில்லை. கேட்டபோது "உங்க வசதிக்குத்தான்" என்றார். காசைத் திருப்பித் தர மறுத்துவிட்டார்.

சர்வர்களிலும் அதே '.பாஷ்ஆர்சி' போனதால், ஃபைல்களை நகலெடுக்கும் ஆர்சிங்க் நின்றது. காரணம் அந்த ஃபைலின் மேலே இருந்த அழகான வரவேற்பு வரி. எஸ்எஸ்எச் வழியாக ஒரு கமாண்டை மட்டும் ஓட்டினாலும் பாஷ் '.பாஷ்ஆர்சி'யைப் படிக்கும்; அங்கே எக்கோ இருந்தால் அந்த எழுத்துகள் ஆர்சிங்கின் தரவோடு கலந்து, 'புரோட்டகால் வெர்ஷன் மிஸ்மேட்ச்' என்று பிழை வரும். '$-' மாறியில் 'ஐ' எழுத்து இல்லையென்றால் உடனே ரிட்டர்ன் ஆகும்படி ஃபைலின் உச்சியிலேயே எழுத வேண்டும்.

இந்தத் தொகுப்பை நீக்கும்போது அதன் ஃபோல்டரை எடுத்தவுடன் அழிக்காதீர்கள். எல்லா சிம்லிங்கும் அதற்குள்ளேதான் போகின்றன. அழித்தால் எல்லாம் அறுந்துவிடும். இரண்டு டெர்மினல் திறந்து வையுங்கள். முதலில் அந்தத் தானியங்கி அப்டேட் வரிகளை நீக்கி, ஃபோல்டரில் 'கிட் ரிமோட் ரிமூவ் ஆரிஜின்' கொடுங்கள். பிறகு 'சிபி -எல்' (பெரிய எழுத்து எல்) மூலம் ஒவ்வொரு லிங்கையும் நிஜ ஃபைலாக நகலெடுத்து, லிங்கை நீக்கி, நகலை அதே இடத்தில் வையுங்கள். கிரான்டேப் (நேரப்படி தானாக ஓடும் வேலைகளின் பட்டியல்), எஸ்எஸ்எச்சின் 'ஆத்தரைஸ்டு கீஸ்' (உள்ளே வர அனுமதி உள்ள சாவிகள்) ஃபைல் இரண்டையும் கண்ணால் பாருங்கள். லாகின் ஷெல்லை இசட்ஷெல்லுக்கு மாற்றியிருந்தால், அதை நீக்குவதற்கு முன்பே ஷெல்லை மாற்றும் 'சிஎச்எஸ்எச்' கமாண்ட் கொண்டு பழையதற்கு மாற்றிவிடுங்கள். ஷெல் திறக்கவே மறுத்தால் 'பாஷ் --நோஆர்சி --நோபுரொஃபைல்', எடிட்டருக்கு 'விம் --கிளீன்'.

பொது அமைப்பு தேவைதான், ஆனால் ரெப்போ உங்கள் டீமுடையதாக இருக்கட்டும். சிம்லிங்குகளைப் போட்டுத் தரும் குனு ஸ்டோ போதுமானது: '-என் -வி' கொடுத்தால் எதையும் தொடாமல் என்ன செய்யப்போகிறது என்று மட்டும் சொல்லும், ஏற்கெனவே ஃபைல் இருந்தால் மோதல் என்று நின்றுவிடும். '--அடாப்ட்' மட்டும் வேண்டாம், அது உங்கள் லேப்டாப் ஃபைலை ரெப்போவுக்குள் இழுத்து அங்கே இருப்பதை மாற்றிவிடும். பெயர், மின்னஞ்சல், டோக்கன் எதுவும் பொது ஃபைலில் வரக்கூடாது. அவரவர் '.பாஷ்ஆர்சி.லோக்கல்' வைத்துக்கொண்டு அதைக் கடைசியில் சோர்ஸ் செய்யட்டும். கிட்டில் இதே வேலைக்கு 'இன்க்ளூட்' பகுதி இருக்கிறது. எடிட்டர் பிளக்இன்களைக் குறிப்பிட்ட கமிட்டில் பூட்டி வையுங்கள்.

யாருடைய இன்ஸ்டால் ஸ்கிரிப்டாக இருந்தாலும் 'கர்ல்' எடுத்ததை நேராக பாஷுக்குள் பைப் செய்யாதீர்கள். வரும் வரிகள் வந்தவுடனே ஓடும் என்பதால் நெட் அறுந்தால் பாதியில் நிற்கும். ஃபைலாகச் சேமித்து, 'சூடோ', 'ஆர்எம்', 'எவால்', 'கிட் புல்' ஆகிய சொற்களை கிரெப்பில் தேடுங்கள். பிறகு 'ஹோம்' மாறியைத் தற்காலிக ஃபோல்டருக்கு மாற்றி ஒருமுறை ஓட்டிப் பாருங்கள். சூடோவும் 'சிஎச்எஸ்எச்'சும் அந்த மாறியை மதிக்காது. அவை இருக்கும் ஸ்கிரிப்டை கன்டெய்னருக்குள் (மெஷினிலிருந்து பிரித்து வைத்த தனிச் சூழல்) ஓட்டுங்கள்.