அரமா, கிரைண்டரா? கடையில் வாங்கிய கைக்கோடாலியை வீட்டில் திருத்துவது எப்படி

புதிதாக வாங்கிய கைக்கோடாலியால் ஒரு கிளையை வெட்டிப் பாருங்கள். பெரும்பாலும் அது வெட்டாது, நசுக்கும். வாய், அதாவது வெட்டும் ஓரம், தடிப்பாக இருக்கும், தலையின் பக்கவாட்டுக் கன்னம் முழுக்கப் பெயிண்ட் அப்பியிருக்கும், காம்பு வார்னிஷில் பளபளத்துக்கொண்டு அரை மணி நேரத்தில் உள்ளங்கையில் கொப்புளம் கிளப்பிவிடும். இதற்காக அது மட்டமான கோடாலி என்று தூக்கிப் போட வேண்டாம். தொழிற்சாலையில் பாதி வேலையோடு விட்டிருக்கிறார்கள், அவ்வளவுதான். மீதிப் பாதியை நாம் செய்துகொள்ளலாம். எதை வைத்துச் செய்வது என்பதில்தான் ஆளாளுக்கு ஒன்று சொல்வார்கள்.

முதலில் வாய். இங்கே போட்டி அரத்துக்கும், கையில் பிடித்து உலோகம் தேய்க்கும் மின் மெஷினான ஆங்கிள் கிரைண்டருக்கும்தான். கிரைண்டர் வேகமானது, அதில் சந்தேகமே இல்லை. 4 அங்குல மெஷின் நிமிடத்துக்கு 10,000 சுற்றுக்கும் மேல் சுற்றும், அரத்தில் ஒரு மணி நேரம் தேய்க்க வேண்டியதைச் சில நிமிடங்களில் தின்றுவிடும். பிரச்சினை சூடு. கோடாலி வாயைக் கடினப்படுத்திய பிறகு, அது உடையாமல் இருக்க ஏறத்தாழ 200 முதல் 260 டிகிரி செல்சியஸ் வரை மறுபடி சூடாக்கித்தான் பதம் கொண்டுவருகிறார்கள். நம் கிரைண்டர் அந்தச் சூட்டைத் தாண்டிவிட்டால் பதம் போய்விடும். வாய் ஓரம் மெல்லிசாக இருப்பதால் சூடு பரவிப் போக அங்கே இடமே இல்லை, கண் மூடித் திறப்பதற்குள் ஏறிவிடும். எஃகு அதை நிறத்தில் காட்டும்: 220 டிகிரி வாக்கில் வைக்கோல் மஞ்சள், அப்புறம் பழுப்பு, 280 பக்கம் ஊதா, 300ஐ நெருங்கும்போது நீலம். நீலம் தெரிந்தால் அந்த இடம் மென்மையாகிவிட்டது என்று அர்த்தம்.

என் முதல் கோடாலியில் கீழ் மூலையில் இப்படித்தான் ஒரு நீலப் பொட்டு விழுந்தது, சுண்டுவிரல் நகத்தில் பாதிகூட இருக்காது. உப்புத்தாள் போட்டுத் தேய்த்தேன், நிறம் போயிற்று, சரியாகிவிட்டது என்று நம்பினேன். முதல் முடிச்சு மரத்தில் வெட்டியதுமே அந்த மூலை மட்டும் தகரம் மாதிரி மடங்கிக்கொண்டது. நிறம் மேல்தோல்தான், அதைத் தேய்த்து எடுத்ததால் உள்ளே போன கடினம் திரும்பி வராது. கடைசியில் வாய் முழுவதையும் 3 மில்லிமீட்டர் பின்னுக்கு அராவி, நல்ல எஃகு வரும் வரை போக வேண்டியதாயிற்று. அதை அரத்தால்தான் செய்தேன்.

அரத்தில் இந்தப் பயமே கிடையாது. எவ்வளவு நேரம் தேய்த்தாலும் எஃகின் பதத்தைக் கெடுக்கிற சூடு வராது. ஒரு இழுப்பில் தவறினால் கெட்டுப்போவது தலைமுடி அளவுதான், அடுத்த இழுப்பில் சரி செய்துவிடலாம். அதோடு அரம் பேசும்: கரகரவென்று கடித்துத் தூள் கொட்டினால் எஃகு அரத்துக்கு அடங்குகிறது, கண்ணாடி மேல் போவது மாதிரி வழுக்கினால் அந்த இடம் அரத்துக்குச் சமமான கடினம், அங்கே சாணைக்கல்தான் வேலை செய்யும். 10 அங்குல ஒற்றை வெட்டு அரம் (பல் வரிகள் ஒரே திசையில் ஓடுவது), அதற்கு ஒரு கைப்பிடி, தோல் கையுறை போதும். தள்ளும்போது மட்டும் அழுத்துங்கள், திரும்ப இழுக்கும்போது தூக்கிவிடுங்கள், இல்லையென்றால் அரத்தின் பல் மழுங்கும். பல்லில் சாக்கட்டி தேய்த்துக்கொண்டால் தூள் அடைக்காது. வாயோரம் முழுக்க மார்க்கர் பேனாவால் கறுப்பாக்கிக்கொள்ளுங்கள், மை எங்கே போகிறதோ அங்கேதான் அரம் தொடுகிறது. கிளை கழிக்கவும் செதுக்கவும் இரண்டு பக்கமும் சேர்த்து 25 டிகிரி, விறகு பிளக்க 30 பக்கம் வைத்துக்கொள்ளலாம். ஒரு பக்கம் அராவி முடிந்ததும் மறுபக்கத்தில் கட்டைவிரலை வாயிலிருந்து வெளிப்பக்கமாக மெல்ல இழுத்துப் பார்த்தால் நெடுக ஒரு பிசிறு தட்டுப்படும். அது தட்டுப்பட்ட பிறகுதான் பக்கம் மாற்ற வேண்டும்.

அதற்காகக் கிரைண்டரைப் பரணில் போட வேண்டாம். வாயின் கீழ்ப்பகுதியைத் தாடி மாதிரி தொங்கவிட்டு உள்ளே வளைத்து வெட்டுவதென்றால் அரம் நாள் கணக்கில் இழுத்தடிக்கும், அங்கே கிரைண்டர்தான். ஹேக்சாவும் நடக்கும், ஏனென்றால் பல கோடாலிகளில் கடினப்படுத்துவது வாயை மட்டும்தான், காம்பு நுழைகிற கண் பக்கம் மென்மையாக இருக்கும். உள்வளைவின் மூலையில் முதலில் டிரில்லால் ஒரு துளை போட்டுவிட்டு அதுவரை அறுங்கள், கூர்மூலை விட்டால் அங்கிருந்து விரிசல் கிளம்பும். கண்ணைச் சுற்றியுள்ள சுவரைத் தொடவே கூடாது. தாடி எல்லோருக்கும் தேவையா என்றால், இல்லை. வாய்க்குப் பின்னால் கையை வைத்துச் செதுக்குகிறவருக்கு அது அருமை. விறகு பிளக்கிறவருக்குத் தலையின் எடை குறைவது நஷ்டம். கிரைண்டர் போடும்போது கண்ணுக்குப் பாதுகாப்புக் கண்ணாடியும் மெஷின் காப்பும் கட்டாயம், கையால் தொட முடியாத சூடு வருவதற்கு முன்பே தண்ணீரில் முக்குங்கள்.

துருவுக்கும், எஃகைச் சூடாக்கும்போது படிந்த கருப்புச் செதிலுக்கும் கம்பி பிரஷ்ஷைவிட வினிகர் எனக்குப் பிடிக்கும். ஒரு ராத்திரி ஊறவைத்து, காலையில் சோடா உப்புத் தண்ணீரில் கழுவி, உடனே எண்ணெய் தடவினால் சாம்பல் நிறத்தில் அழகாக வரும். பெயிண்டை மட்டும் தீயில் காட்டி எரிக்காதீர்கள், பதம் போவது அங்கேயும்தான்.

காம்பைப் பழையதையே இழைப்பதா, புதிது போடுவதா என்பதை மர ரேகை சொல்லிவிடும். அடிப்பக்கம் திருப்பிப் பாருங்கள். ரேகை கோடாலி வாய் இருக்கிற திசையிலேயே ஓடினால் இழைத்து வைத்துக்கொள்ளலாம். குறுக்கே ஓடினாலோ, பக்கவாட்டில் பாதியில் வெளியேறினாலோ என்றைக்காவது ஒடியும், புதிது போடுங்கள். வார்னிஷைச் சுரண்ட உடைந்த கண்ணாடித் துண்டைப்போல ஒரு கருவி இல்லை, சுருள் சுருளாக வரும். தடிமனான பிடியையும் அப்படியே கைக்கு அடங்குமளவு குறைக்கலாம். தலை ஆடினால் தண்ணீரில் ஊறப்போடுவது ஒரு நாள் வைத்தியம்தான். மரம் உப்பி நார் நசுங்கும், காய்ந்ததும் முன்னைவிட அதிகமாக ஆடும். காய்ந்த மரத்தில் புது ஆப்பு அடிப்பதுதான் வழி.

கடைசிப் பூச்சுக்கு வார்னிஷை விட்டுவிட்டு ஆளி விதை எண்ணெய் தடவுகிறேன். பச்சை எண்ணெய் காய நாள் கணக்கில் ஆகும். காய்ச்சியது என்று விற்பதில் பெரும்பாலும் உலர்த்தும் உலோக உப்புகள் சேர்த்திருப்பதால் ஓரிரு நாளில் காயும். இரண்டிலுமே துடைத்த துணியைச் சுருட்டி மூலையில் போடாதீர்கள். அந்த எண்ணெய் காற்றோடு சேரும்போது சூடு பிறக்கும், சுருட்டிய துணியில் அந்தச் சூடு வெளியேற முடியாமல் தானாகவே தீப்பிடிக்கும். விரித்து வெளியே காயப்போட்டு, விறைத்த பிறகு எடுத்துப் போடுங்கள்.