கோடையில் சாவில் கார்டனா, இசபெல்லா பிளான்டேஷனா?

லண்டன் பக்கம் கோடையில் காட்டுத் தோட்டம் பார்க்கக் கிளம்புகிறவர்கள் பலர் இந்த இரண்டுக்கும் நடுவில்தான் தடுமாறுவார்கள். விண்ட்சர் கிரேட் பார்க்கில் சாவில் கார்டன், ரிச்மண்ட் பார்க்கில் இசபெல்லா பிளான்டேஷன். பரப்பில் பெரிய வித்தியாசம் இல்லை: முன்னது 35 ஏக்கர், பின்னது சுமார் 40. சாவிலுக்கு டிக்கெட் உண்டு, இசபெல்லா இலவசம்.

இசபெல்லாவின் படங்களைப் பார்த்து மயங்கி ஜூலையில் போய் நிற்காதீர்கள். குளத்தைச் சுற்றி இளஞ்சிவப்பாகக் குவிந்திருக்கும் அந்தப் பூக்கள் அசேலியா. ஏப்ரல் கடைசி, மே தொடக்கத்தோடு அந்தத் திருவிழா முடிந்துவிடும். பிறகு புதர்கள் எல்லாம் பச்சை மேடுகள்தான்.

அதற்காகக் கோடையில் அங்கே ஒன்றுமே இல்லை என்று யாராவது சொன்னால் நான் சண்டைக்கு வருவேன். ஜூன் மாதம் ஓடைக்கரையில் குனிந்து பாருங்கள். ப்ரிமுலா ஒரே தண்டில் வளையம் வளையமாகப் பூத்திருக்கும். கீழ்வளையம் வாடத் தொடங்கும்போது மேலே மொட்டு விரியும். அப்படியே கோயில் அடுக்குத் தீபம்! அது ஓயும் நேரத்தில் ஜப்பானிய ஐரிஸ் வரும். 1831இல் வேலியிட்டு மரம் வளர்த்த இடம் இது. ஓக், பீச் மரங்களின் நிழலும் ஓடைச் சத்தமும் சேர்ந்தால், வெயில் கொளுத்தும் நாளில் இதைவிட நல்ல இடம் எனக்குத் தெரியாது.

சரி, பூதான் வேண்டும் என்றால்? யோசிக்கவே வேண்டாம், சாவில். எரிக் சாவில் 1932இல் தொடங்கிய தோட்டம். ஒரு பருவம் ஓய்ந்தால் அடுத்தது தயாராக இருக்கும். 2010இல் திறந்த ரோஜாத் தோட்டத்தில், செடிகளுக்கு மேலே நீண்டிருக்கும் நடைமேடையில் நின்றால் வாசனை கீழிருந்து எழுந்து வரும். ஜூனில் அதற்காகவே போகலாம்.

என்னைக் கேட்டால் அங்கே கோடையின் ராணி ஹைட்ராஞ்சியாதான். ஜூலை, ஆகஸ்டில் மர நிழலெல்லாம் நீலமும் ஊதாவுமாக நிறைந்திருக்கும். மண் அமிலத்தன்மை உள்ளது. அந்த மண்ணில் அலுமினியத்தைச் செடி சுலபமாக உறிஞ்சிக்கொள்வதால்தான் அந்த நீலம். உருண்டைப் பூக்களைத் தாண்டி, தட்டையாக விரியும் லேஸ்கேப் வகையைத் தேடிப் பாருங்கள். ஓரத்தில் பெரிதாக இருப்பவை விதை கட்டாத பூக்கள். பூச்சிகளைக் கூப்பிடத்தான் அவை. நடுவில் கடுகு மணிகளாகத் தெரிவதுதான் நிஜப் பூ. தேனீ நேராக அங்கேதான் போகும்.

ஒரே ஒரு நாள்தான் கிடைக்கும், அதுவும் ஆகஸ்டில் என்றால், டிக்கெட் வாங்கிக்கொண்டு சாவிலுக்கே போங்கள். ஜூன் முதல் பாதியில் ஒரு காலைப்பொழுது கிடைத்தால் மட்டும், இசபெல்லாவின் ஓடைக்கு அதைக் கொடுத்துவிடுங்கள்.