மேட்டு வீடா, பள்ளத்து வீடா: எந்தக் கிரேன் லாரி?

தென்னாப்பிரிக்காவின் டர்பனில், மேடு பள்ளமான சாட்ஸ்வொர்த் பக்கம் சரக்கு இறக்கியவர்களுக்குத் தெரியும். ஒரே தெருவில் ஒரு பக்கத்து வீடுகளுக்குப் படி ஏற வேண்டும், எதிர்ப்பக்கத்து வீடுகளுக்குப் படி இறங்க வேண்டும். இங்கே லாரிக்கு எந்தக் கிரேன் என்பதை விற்பனையாளரின் விளம்பரத் தாள் சொல்லாது, தெருவின் சரிவுதான் சொல்லும்.

போட்டி இரண்டு வகைகளுக்கு இடையே. முழங்கை போல மடங்கும் கை ஒன்று: ஸ்வீடனில் பிறந்த ஹியாப், ஆஸ்திரியாவின் பால்ஃபிங்கர், இத்தாலியின் ஃபாசி. நேராக நீண்டு, நுனியிலிருந்து கம்பி வடத்தில் கொக்கியைத் தொங்கவிடும் கை மற்றது: ஜப்பானின் யூனிக், டடானோ.

மடக்குக் கை ஓட்டுநர் அறைக்குப் பின்னால் சுருண்டுகொள்ளும். தட்டு முழுவதும் சரக்குக்கு மிஞ்சும். மரக்கிளைக்கு அடியில் குனிந்து போய்ச் செங்கல் அடுக்கை மதிலுக்கு அப்பால் வைத்துவிடும். கொக்கி கையின் நுனியிலேயே இருப்பதால் சரக்கு அதிகம் ஆடாது. காலித் தண்ணீர்த் தொட்டியை இரண்டு பேரே தூக்கிவிடலாம். ஆனால் கடற்காற்று அடிக்கும்போது நீள வடத்தில் அதைத் தொங்கவிட்டுப் பாருங்கள், ஊஞ்சல்தான்.

பள்ளத்து வீட்டில் கதை தலைகீழ். மடக்குக் கை கீழே வளைந்தாலும் அதன் நீளம்தான் எல்லை. வடமோ உருளையில் மிச்சம் இருக்கும்வரை இறங்கிக்கொண்டே போகும். கூரையைத் தாண்டிப் பின்கட்டில் ஒன்றை நேராக இறக்க இதுவே வசதி.

இரண்டிலும் ஏமாற்றுவது 'பத்து டன்' என்ற பேச்சு. அது பெரும்பாலும் டன்-மீட்டர், அதாவது எடையை லாரியிலிருந்து உள்ள தூரத்தால் பெருக்கிய கணக்கு. எட்டு மீட்டர் தள்ளி ஒரு டன் பிள்ளையாரை வைக்கவே 8 டன்-மீட்டர் போய்விடும், கையின் சொந்த எடை தனி. ஒரு கன மீட்டர் கருங்கல் ஏறத்தாழ 2.7 டன் என்பதைக் கோயில் கமிட்டிக்காரர்கள் மறந்துவிடுகிறார்கள். கிரேனில் ஒட்டியிருக்கும் அட்டவணையில் அந்தத் தூரத்துக்கு நேரே என்ன எண் இருக்கிறதோ, அதுதான் பேச்சு.

லாரி சாயாமல் பக்கவாட்டில் தரையில் ஊன்றும் ஊன்றுகால் விஷயத்தில் இரண்டும் ஒன்றே. மழைக்கு மறுநாள் ஊன்றுகால் ஒன்றைப் புல்லில் ஊன்றினேன். மேலே உலர்ந்திருந்தது, அடியில் களிமண். சரக்கை வெளிப்பக்கம் திருப்பியதும் கால் ஒரு சாண் புதைந்து, எதிர்ப்பக்கத்துச் சக்கரம் மெல்லத் தரையை விட்டது. சரக்கை அப்படியே தரையில் இறக்கினேன். அன்று முதல் நான்கு தடித்த பலகைகள் லாரியை விட்டு இறங்குவதில்லை.

லாரியின் பின்பக்கம் சரக்கை ஏற்றி இறக்கும் லிஃப்ட் பலகை? குளிர்சாதனப் பெட்டிக்கும் சமதரைக்கும் சரி, இந்தத் தெருக்களுக்கு அல்ல.

எதை வாங்கினாலும் தென்னாப்பிரிக்கச் சட்டப்படி 12 மாதத்துக்கு ஒருமுறை எடை தூக்கிச் சோதித்த சான்று வேண்டும். பழைய கிரேன் வாங்குவோர் வண்ணப்பூச்சைப் பார்ப்பதற்கு முன் அந்தத் தாளைக் கேட்கட்டும்.

நான் வாங்கியது மடக்குக் கை. எனக்கு வரும் வேலை பெரும்பாலும் செங்கலும் தொட்டியும். பள்ளத்து வேலை வந்தால் யூனிக் வைத்திருக்கும் நண்பரை அழைக்கிறேன். செங்கல் வேலைகளை அவர் என் பக்கம் தள்ளிவிடுகிறார்.