ஆர்சி முத்திரையை நம்பிக் கார்டு சேர்த்த அனுபவம்

அமெரிக்க பேஸ்பால் வீரர் மைக் ட்ரவுட்டின் உண்மையான ரூக்கி கார்டு, அதாவது புதுமுகக் கார்டு, எது என்று நண்பர் ஒருவர் சென்ற வாரம் கேட்டார். விற்பனையாளர் ஒருவர் 'ரூக்கி' என்று குறிப்பிட்டு விலை சொல்லியிருந்த டாப்ஸ் என்ற கார்டு நிறுவனத்தின் 2013 கார்டின் படத்தையும் அனுப்பியிருந்தார். அந்தக் கார்டில் பொன்னிறக் கோப்பை ஒன்று அச்சாகியிருக்கும். அது முந்தைய பருவத்தின் சிறந்த புதுமுகங்களாக டாப்ஸ் தேர்ந்தெடுத்தவர்களுக்கான அடையாளம். அதை வைத்து ரூக்கி கார்டு என்று விற்பது சரியல்ல. ரூக்கி கார்டு என்பதன் சுருக்கமான ஆர்சி என்ற எழுத்துகள் கொண்ட முத்திரை இருப்பது 2011 டாப்ஸ் அப்டேட் தொகுப்பின் யூஎஸ்175 எண் கார்டில்தான். நெடுங்காலமாக அந்த முத்திரையைப் பார்த்தே பேஸ்பால் கார்டு சேர்த்து வருவதால், நண்பருக்குச் சொன்னதை இங்கே விரிவாக எழுதுகிறேன்.

முத்திரை 2006இல் வந்தது. அதற்கு முந்தைய நிலையை அறிந்தவர்களுக்கே அதன் அருமை புரியும். டெரிக் ஜீட்டர் என்ற வீரர், அமெரிக்க பேஸ்பாலின் உயர்மட்டமான மேஜர் லீக்கில் முதன்முதலில் ஆடியது 1995 மே மாதத்தில். ஆண்டின் சிறந்த புதுமுக வீரர் விருதைப் பெற்றது 1996இல். ஆனால் சேகரிப்பாளர்கள் அவருடைய ரூக்கி கார்டாக ஏற்பதில் முதன்மையானது 1993 எஸ்பி தொகுப்பின் 279ஆம் எண் கார்டு. அதற்குக் கீழ்மட்டமான மைனர் லீக்கில் இருந்தவர்களையெல்லாம் பேஸ் செட்டில், அதாவது அடிப்படைத் தொகுப்பில், சேர்த்து அச்சிட்டதால் வந்த குழப்பம் இது. மேஜர் லீக் அணியில் இடம்பெறாதவருக்குப் பேஸ் செட்டில் இடமில்லை, இன்செர்ட் என்னும் கூடுதல் கார்டாகத் தனி எண்ணுடன்தான் வரலாம் என்று முத்திரையோடு வந்த புதிய விதி வரையறுத்தது. பாக்கெட்டைப் பிரித்தவுடன், விலைப்பட்டியலைப் புரட்டாமலேயே, கையில் இருப்பது ரூக்கியா இல்லையா என்று ஒரு சிறுவனும் சொல்லிவிட முடிகிறது. இதை நான் மனமாரப் பாராட்டுகிறேன்.

என்னை விடாமல் உறுத்துவது வேறொன்று. முத்திரை எந்த ஆண்டில் விழும் என்பதை ஆட்டக்காரரின் ஆட்டம் மட்டும் தீர்மானிப்பதில்லை, அச்சகத்தின் கால அட்டவணையும் சேர்ந்தே தீர்மானிக்கிறது. ட்ரவுட் 2011 ஜூலை 8 அன்று அறிமுகமானார்; பருவத்தின் பிற்பகுதியில் வரும் அப்டேட் தொகுப்பில் இடம் கிடைத்ததால் அந்த ஆண்டே முத்திரை விழுந்தது. ஆனால் அவர் அந்தப் பருவத்தில் 123 அட்-பேட் (கணக்கில் சேரும் பேட்டிங் வாய்ப்பு) மட்டுமே ஆடியிருந்தார். புதுமுகமாகக் கருதப்படுவதற்கான வரம்பு 130 என்பதால் 2012இலும் புதுமுகமாகவே கருதப்பட்டு, சிறந்த புதுமுக வீரர் விருதையும் வென்றார். விருது வாங்கிய ஆண்டின் கார்டு ரூக்கி கார்டு அல்ல! ஆரன் ஜட்ஜ் என்ற வீரர் விஷயத்தில் இது தலைகீழ். அவர் 2016 ஆகஸ்ட் 13 அன்று தம் முதல் அட்-பேட்டிலேயே ஹோம் ரன் அடித்தார். அந்தப் பருவத்தில் 84 அட்-பேட் ஆடியும், முத்திரை பதித்த அவருடைய கார்டுகள் 2017க்கு உரியவை. ஜூலை 8க்கும் ஆகஸ்ட் 13க்கும் உள்ள ஐந்து வார இடைவெளியில் நாள்காட்டி ஒருவருக்கு முந்துகிறது, இன்னொருவருக்குப் பிந்துகிறது. இதை விதி என்று ஏற்க எனக்கு மனம் வரவில்லை.

சந்தையும் ஏற்கவில்லை. ட்ரவுட் கையொப்பமிட்ட 2009 போமன் குரோம் டிராஃப்ட் கார்டில் ஆர்சி முத்திரை கிடையாது. அதன் வகைகளில் ஒரே ஒரு பிரதி மட்டும் அச்சான சூப்பர்ஃபிராக்டர் 2020 ஆகஸ்டில் ஏறத்தாழ 39 லட்சம் டாலருக்கு ஏலம் போனது. ஜப்பானிய வீரர் ஷோஹெய் ஒட்டானிக்கோ 2013லேயே ஜப்பானில் பிபிஎம் நிறுவனத்தின் கார்டுகள் வந்துவிட்டன. தொழில்முறை ஆட்டத்தில் ஐந்து பருவங்களை முடித்தவரைத்தான் 2018 முத்திரை புதுமுகம் என்கிறது. மேஜர் லீக்கை மட்டும் அளவுகோலாகக் கொண்டால் அது சரி. அந்த அளவுகோல் எனக்குப் போதவில்லை.

நண்பரை யூஎஸ்175 வாங்கச் சொன்னேன். அதை ரூக்கி இல்லையென்று யாரும் மறுக்க முடியாது. என் தேர்வு என்று கேட்டால், முத்திரையை இவ்வளவு புகழ்ந்த பிறகும், முத்திரை இல்லாத 2009 கார்டையே ட்ரவுட்டின் முதல் கார்டு என்பேன். இப்போதெல்லாம் கார்டு கைக்கு வந்ததும் நான் முதலில் திருப்பிப் பின்பக்கத்தைத்தான் பார்க்கிறேன். எண்ணுக்கு முன்னால் நிற்கும் எழுத்துகள் அது எந்தத் தொகுப்பு என்பதைச் சொல்லும். அடியில் பொடி எழுத்தில் உள்ள பதிப்புரிமை ஆண்டு, அது எப்போது அச்சானது என்பதைச் சொல்லும். அந்த விற்பனையாளரின் கார்டிலும் அந்த ஆண்டு தெளிவாகவே இருந்திருக்கும்.