கனடியப் பாடத்திட்ட உறைவிடப் பள்ளிகள்: எந்த மாகாணம், எந்த விடுதி?

பள்ளியின் பெயரில் 'கனடியன்' என்று இருப்பதை வைத்து எதையும் முடிவு செய்ய முடியாது. மகளுக்கு வெளிநாட்டு உறைவிடப் பள்ளி தேடத் தொடங்கிய முதல் மாதத்திலேயே எனக்கு இது விளங்கிவிட்டது. சிங்கப்பூரில் உள்ள கனடியன் இன்டர்நேஷனல் ஸ்கூலில் மேல்வகுப்புப் பிள்ளைகள் படிப்பது ஐ.பி. (இன்டர்நேஷனல் பாக்கலோரியட்) என்ற பன்னாட்டுப் பாடத்திட்டம். ஹாங்காங்கில் அதே பெயரில் இருக்கும் வேறொரு பள்ளியில் ஐ.பி.யோடு ஒன்டாரியோ மாகாணத்தின் பள்ளியிறுதிச் சான்றிதழும் தருகிறார்கள். பெயர் ஒன்று, கையில் வந்து சேரும் தாள் வேறு.

இந்தக் குழப்பத்துக்கு வேர், கனடாவுக்கென்று ஒரே தேசியப் பாடத்திட்டம் இல்லாததுதான். 1867ஆம் ஆண்டு அரசமைப்புச் சட்டத்தின் 93ஆம் பிரிவு கல்வியை மாகாணங்களின் பொறுப்பில் விட்டுவிட்டது. வெளிநாட்டில் கனடியச் சான்றிதழ் தரும் பள்ளியும் ஏதாவது ஒரு மாகாணத்தின் அனுமதியோடுதான் நடக்கிறது. ஆகவே விளம்பரக் கையேட்டைப் புரட்டும் முன் கேட்க வேண்டியது, "எந்த மாகாணத்தின் சான்றிதழ்?" என்பதே. நோவா ஸ்கோஷியா, மானிடோபா, நியூ பிரன்ஸ்விக் பாடத்திட்டங்களும் வெளிநாடுகளில் உண்டு. எங்கள் தேடலில் கடைசிவரை நின்றவை ஒன்டாரியோ, பிரிட்டிஷ் கொலம்பியா, ஆல்பர்ட்டா ஆகிய மூன்றும்தான்.

மூன்றையும் பாடங்களை வைத்து ஒப்பிட்டால் பெரிதாக ஒன்றும் பிடிபடாது. கணிதம் எங்கும் கணிதம்தான். மதிப்பெண் யார் கையால் வருகிறது என்று பார்த்தால்தான் வேறுபாடு தெரியும்.

ஒன்டாரியோவில் 30 கிரெடிட் (பாட அலகு) சேர்த்தால் பள்ளியிறுதிச் சான்றிதழ். ஒவ்வொரு கிரெடிட்டும் 110 மணி நேரப் படிப்பு. அதோடு 40 மணி நேரச் சமூகப் பணியும், பத்தாம் வகுப்பில் ஒரு மொழித்திறன் தேர்வும் உண்டு. மதிப்பெண்ணில் 70 விழுக்காடு ஆண்டு முழுவதும் செய்த வேலைகளுக்கு. கடைசி 30 விழுக்காடு இறுதி மதிப்பீட்டுக்கு. அந்த இறுதி மதிப்பீட்டையும் பள்ளியே நடத்துகிறது, மாகாண அரசு வினாத்தாள் அனுப்புவதில்லை. நாள்தோறும் கொஞ்சம் கொஞ்சமாகச் சேர்க்கும் பிள்ளைக்கு இது வரப்பிரசாதம். தேர்வு அறையில் கை நடுங்கும் பிள்ளையின் ஓராண்டு உழைப்பு மூன்று மணி நேரத்தில் கரைந்துபோகாது.

ஆனால் மதிப்பெண்ணைப் பள்ளியே போடுவதால், அந்தப் பள்ளிக்கு எவ்வளவு நம்பகம் உண்டோ அவ்வளவுதான் மதிப்பெண்ணுக்கும். பல்கலைக்கழகங்களுக்கும் இது தெரியும். வாட்டர்லூ பல்கலைக்கழகத்தின் பொறியியல் பிரிவு, ஒரு பள்ளியிலிருந்து முன்பு வந்தவர்கள் முதலாண்டில் எப்படித் தேறினார்கள் என்பதைக் கணக்கில் எடுத்து, அந்தப் பள்ளியின் மதிப்பெண்ணைக் குறைத்துப் பார்க்கும் முறையை வைத்திருப்பது வெளியே தெரிந்த செய்தி. தாராளமாக 95 போடும் பள்ளியில் சேர்த்துவிட்டு நிம்மதியாக இருக்க முடியாது.

இன்னொரு நுணுக்கம் பாடக் குறியீட்டில் இருக்கிறது. ஈ.என்.ஜி.4யூ என்றால் பன்னிரண்டாம் வகுப்பு ஆங்கிலம், பல்கலைக்கழகத் தடம். '4' என்பது பன்னிரண்டாம் வகுப்பைக் குறிக்கிறது. கடைசி எழுத்துதான் தடம். எம்.எச்.எஃப்.4யூ என்பது உயர்நிலைச் சார்புகள் என்ற கணிதப் பாடம். எம்.ஏ.பி.4சி என்பதும் பன்னிரண்டாம் வகுப்புக் கணிதம்தான், ஆனால் கல்லூரித் தடம் (கனடாவில் கல்லூரி என்றால் பெரும்பாலும் தொழிற்கல்வி நிலையம், பல்கலைக்கழகம் அல்ல). அதை வைத்துக்கொண்டு பொறியியல் படிப்புக்கு விண்ணப்பிக்க முடியாது. ஒன்டாரியோ பல்கலைக்கழகங்கள் கேட்பது 'யூ' அல்லது 'எம்' (பல்கலைக்கழகம், கல்லூரி இரண்டுக்கும் பொதுவான தடம்) என்று முடியும் ஆறு பன்னிரண்டாம் வகுப்புப் பாடங்கள். மாதிரிக்கு ஒரு மதிப்பெண் பட்டியலைப் பள்ளியில் வாங்கி, கடைசி எழுத்துகளை மட்டும் விரல் வைத்துப் பார்த்துக்கொண்டே வாருங்கள். மேல்வகுப்பில் 'யூ', 'எம்' பாடங்கள் சேர்ந்தே நான்கைந்துதான் என்றால், விரும்பிய துறைக்கான ஆறு அங்கே தேறாது.

பிரிட்டிஷ் கொலம்பியாவில் 80 கிரெடிட், பொதுவாகப் பாடத்துக்கு நான்கு. பத்தாம் வகுப்பில் எண்ணறிவு, மொழியறிவு, பன்னிரண்டில் மீண்டும் மொழியறிவு என்று மூன்று மாகாண மதிப்பீடுகள் உண்டு. எழுதியாக வேண்டும், ஆனால் அவை பாட மதிப்பெண்ணில் சேர்வதில்லை. ஆக, இங்கும் மதிப்பெண் ஆசிரியர் கையில்தான். நான் இந்த மாகாணத்தை மதிப்பது அதன் கண்காணிப்புக்காக. வெளிநாட்டில் அதன் பாடங்களை நடத்துகிறவர்கள் அந்த மாகாணத்தின் ஆசிரியர் சான்று பெற்றிருக்க வேண்டும். பள்ளிகளைப் பார்வையிடும் ஆய்வுக் குழுவின் அறிக்கைகள் மாகாண அரசின் இணையதளத்திலேயே கிடைக்கின்றன. ஒரு பள்ளியின் மூன்றாண்டு அறிக்கைகளை அடுத்தடுத்துப் படித்தால், கையேடு சொல்லாத பல சங்கதிகள் தெரியவரும்.

இந்த மாகாணத்தின் வெளிநாட்டுப் பள்ளிகளுக்கு முன்னோடி, 1995இல் சீனாவின் தாலியன் நகரில் தொடங்கிய மேப்பிள் லீஃப் பள்ளி. அதே குழுமம் 2020இல் தனக்கென ஒரு பாடத்திட்டத்தைக் கொண்டுவந்தது. நிர்வாகத்துக்கு அதற்கான காரணங்கள் இருந்திருக்கும். எனக்கு அதிலிருந்து கிடைத்தது ஒரு கேள்வி: ஒன்பதாம் வகுப்பில் சேரும் பிள்ளைக்கு, பன்னிரண்டை முடிக்கும் நாளிலும் இதே மாகாணத்தின் சான்றிதழ்தானா? அதை எழுத்தில் கேட்டு வாங்க வேண்டும்.

ஆல்பர்ட்டாவின் வழி வேறு. பன்னிரண்டாம் வகுப்பின் முதன்மைப் பாடங்களுக்கு மாகாணமே பொதுத் தேர்வு நடத்துகிறது. அதற்கு 30 விழுக்காடு. 2015 வரை 50 விழுக்காடாக இருந்தது. வெளியாள் திருத்திய மதிப்பெண் ஒன்று பட்டியலில் உட்கார்ந்திருப்பதால், பள்ளி தாராளமாகப் போட்டாலும் கஞ்சத்தனமாகப் போட்டாலும் வெளிப்பட்டுவிடும். தேர்வு நாளில் பிரகாசிக்கும் பிள்ளைக்கு நான் தயங்காமல் இதையே சொல்வேன். என் அண்ணன் மகன் அந்த ரகம். ஆண்டு முழுவதும் வீட்டுப்பாடம் பாதி, தேர்வென்றால் முழு மூச்சு. அவனை ஒன்டாரியோ முறையில் போட்டிருந்தால் 70 விழுக்காட்டில் தடுக்கி விழுந்திருப்பான். குறை என்னவென்றால், வெளிநாட்டில் ஆல்பர்ட்டா பள்ளிகள் பிரிட்டிஷ் கொலம்பியா பள்ளிகள் அளவுக்கு இல்லை; விடுதியும் வேண்டும் என்றால் தேர்ந்தெடுக்க அதிகம் மிஞ்சாது.

இடத்தைப் பொறுத்தும் அனுபவம் மாறும். இத்தாலியின் லான்ச்சானோ என்ற சிறு பழைய நகரில் ஒன்டாரியோ பாடம் நடத்தும் கனடியன் காலேஜ் இத்தாலி ஒரு வகை. கனடாவிலேயே ஹாமில்டன் நகரில், நாட்டின் மிகப் பெரிய தனியார் உறைவிடப் பள்ளி என்று தன்னைச் சொல்லிக்கொள்ளும் கொலம்பியா இன்டர்நேஷனல் காலேஜ் இன்னொரு வகை. சான்றிதழ் ஒன்றே, வாழ்க்கை வேறு. முன்னதில் ஊரே பள்ளி முற்றம். பின்னதில் பிள்ளை கூட்டத்தில் ஒருத்தி. கனடாவுக்கே அனுப்புவதென்றால் 17 வயது நிரம்பாத பிள்ளைக்கு அந்நாட்டுக் குடியுரிமையோ நிரந்தர வசிப்புரிமையோ உள்ள ஒருவர் பொறுப்பாளராகக் கையெழுத்திட வேண்டும். கடைசி ஓராண்டு மட்டும் போதும் என்பவர்களுக்கு மலேசியாவில் சன்வே கல்லூரி 1990 முதல் நடத்திவரும் ஒன்டாரியோ பன்னிரண்டாம் வகுப்புத் திட்டம் இருக்கிறது. ஆனால் அது உறைவிடப் பள்ளி வாழ்க்கை அல்ல.

இனி விடுதி. இதில்தான் நான் அதிக நேரம் செலவிட்டேன், அதற்காக வருந்தவில்லை.

ஒரு பள்ளியில் (பெயர் வேண்டாம்) காலையில் சுற்றிக்காட்டினார்கள். ஆய்வகம், நீச்சல் குளம், நூலகம், எல்லாம் கண்ணைப் பறித்தன. "இரவு எட்டு மணிக்கு மீண்டும் வரலாமா?" என்று கேட்டேன். தயங்கித்தான் சம்மதித்தார்கள். இரண்டு மாடிப் பெண்கள் விடுதிக்கு ஒரே ஒரு காப்பாளர். மேல்மாடியில் காய்ச்சலோடு படுத்திருந்த சிறுமிக்குத் தண்ணீர் எடுத்துக் கொடுத்தவள் பக்கத்துக் கட்டில் தோழி. படிப்பு நேரத்துக்கான ஆசிரியர் அட்டவணை சுவரில் ஒட்டியிருந்தது. அச்சடித்த ஒன்பது பெயர்களில் நான்கைப் பேனாவால் அடித்து, மேலே வேறு பெயர்களை எழுதியிருந்தார்கள். அந்தக் கல்வியாண்டு தொடங்கி ஐந்து மாதம்கூட ஆகவில்லை.

அந்த நான்கு கோடுகள் விடுதிச் செய்தி மட்டுமல்ல. ஒன்டாரியோவிலும் பிரிட்டிஷ் கொலம்பியாவிலும் ஆசிரியரின் கணிப்பே மதிப்பெண். நடுவில் ஆசிரியர் போய்விட்டால் பிள்ளை செப்டம்பரில் இருந்து எப்படி வளர்ந்தாள் என்று சொல்ல ஆள் இல்லை, பல்கலைக்கழகத்துக்குப் பரிந்துரைக் கடிதம் எழுதவும் ஆள் இல்லை. ஆல்பர்ட்டாவில் இந்த அடியைப் பொதுத் தேர்வு ஓரளவு தாங்கிக்கொள்ளும். அன்றிலிருந்து எந்தப் பள்ளியிலும் நான் கேட்ட முதல் கேள்வி, சென்ற ஆண்டு ஆசிரியர்களில் எத்தனை பேர் இன்னும் இருக்கிறார்கள் என்பதுதான். ஒன்டாரியோ, பிரிட்டிஷ் கொலம்பியா இரண்டிலும் ஆசிரியர் பதிவேடு இணையத்தில் எவரும் பார்க்கும்படி இருக்கிறது. பெயரைக் கொடுத்தால் சான்று செல்லுபடியாகிறதா என்று சில நொடிகளில் தெரிந்துவிடும். பார்க்கும் பெற்றோர் குறைவு என்பது எனக்கு இன்றும் ஆற்றாமைதான்.

விடுமுறையில் விடுதி மூடப்படுமா, மூடினால் பிள்ளை எங்கே தங்குவாள் என்பதையும் மறக்காமல் கேட்க வேண்டும்.

நாங்கள் கடைசியில் ஒன்டாரியோ பாடத்திட்டத்தில், மாணவர் எண்ணிக்கை குறைந்த ஒரு பள்ளியைத் தேர்ந்தோம். மகள் தினமும் குறிப்பேட்டில் தேதி போட்டு எழுதுகிறவள், தேர்வு என்றால் முந்தைய இரவே சாப்பிட மாட்டாள். 70 விழுக்காடு அவளுக்காகவே வைத்ததுபோல் இருந்தது. இரவுப் பணியில் மாடிக்கு ஒரு ஆசிரியை, அதுவும் ஆறேழு ஆண்டுகளாக அங்கேயே இருப்பவர்கள். நீச்சல் குளம் இல்லை. அடுத்த ஆண்டுக்கான பாடத்தேர்வுப் படிவத்தைப் போன வாரம் அனுப்பியிருந்தாள். கணிதப் பாடத்துக்கு எதிரே இருந்த குறியீட்டின் கடைசி எழுத்தைத்தான் முதலில் பார்த்தேன். 'யூ' என்று இருந்தது.