பிஹெச்பிஸ்டான்: ‘அன்டிஃபைன்ட் வேரியபிள்’ வார்னிங்கைப் பிடிப்பதில் எவ்வளவு கெட்டி?

இணையதளங்களை எழுதும் மொழியான பிஹெச்பியில், மதிப்பே வைக்காத வேரியபிளை (மதிப்பைத் தாங்கும் பெயர்) பயன்படுத்தினால் வருவது ‘அன்டிஃபைன்ட் வேரியபிள்’. பிஹெச்பி 8.0 (2020) வந்ததிலிருந்து அது வெறும் நோட்டீஸ் இல்லை, வார்னிங். 9-இல் எர்ரராகவே ஆகிவிடும் என்று முடிவாகியிருக்கிறது. சர்வர் லாக் (வார்னிங்குகள் பதிவாகும் ஃபைல்) நிரம்பிய பிறகு ஒவ்வொன்றாகத் துரத்துவதைவிட, நிரலை ஓட்டாமலே படித்துக் குறை சொல்லும் பிஹெச்பிஸ்டான் எவ்வளவோ மேல். இலவசம், கம்போசரில் (பிஹெச்பி பேக்கேஜ்களை நிறுவும் கருவி) டெவ் பேக்கேஜாகச் சேர்த்தால் போதும்.

எவ்வளவு கண்டிப்பாகப் பார்க்க வேண்டும் என்பதை லெவல் எண்ணால் சொல்லலாம். லெவல் எதுவும் கொடுக்காமல் ஓட்டினால் 0-இல்தான் ஓடும். அதில் ‘எர்ரர் இல்லை’ என்று வந்தால் நம்பிவிட வேண்டாம். எந்த வழியிலும் மதிப்பு வைக்கப்படாத வேரியபிளை மட்டுமே அது பிடிக்கும். நிஜத்தில் தொல்லை தருவது இந்த வகை: $தொகை 1000-ஐத் தாண்டினால் மட்டும் இஃப்புக்குள் $தள்ளுபடி = 100; வெளியே வந்ததும் $பில் = $தொகை - $தள்ளுபடி. (வேரியபிள் பெயரைத் தமிழிலேயே வைக்க பிஹெச்பி அனுமதிக்கிறது.) 900 ரூபாய்க்கு வாங்கினால் வார்னிங் வரும். ஆனால் மதிப்பில்லாததைக் குறிக்கும் நல்-ஐ 0 ஆக எடுத்துக்கொள்வதால் பில் சரியாகவே இருக்கும். அதனாலேயே யார் கண்ணிலும் படாது. லெவல் 1-இல் வரி எண்ணோடு மாட்டிக்கொள்ளும். இஃப்புக்கு மேலே $தள்ளுபடி = 0; என்று ஒரு வரி எழுதினால் தீர்ந்தது.

வேரியபிளுக்கு முன்னால் @ போட்டு வார்னிங்கின் வாயை அடைப்பது மருந்தல்ல. கண்ட இடத்தில் ?? (மதிப்பு இல்லையென்றால் பின்னால் இருப்பதை எடுத்துக்கொள்ளும் குறி) போடுவதும் அப்படித்தான்: $தள்ளுபடீ ?? 0 என்று எழுத்துப்பிழை விட்டால் சர்வர் மூச்சுவிடாது, தள்ளுபடி மட்டும் போய்விடும். இதையும் லெவல் 1 காட்டிக்கொடுக்கும் என்பது பெரிய ஆறுதல்.

பிஹெச்பிஸ்டான் கோட்டைவிடும் இடம், ஃபார்மில் நிரப்பியவை வந்துசேரும் $_போஸ்ட் அரே. டிக் செய்யாத செக்பாக்ஸை பிரவுசர் அனுப்பவே அனுப்பாது. அதன் பெயரில் $_போஸ்ட்டில் தேடினால் ‘அன்டிஃபைன்ட் அரே கீ’ வார்னிங் வரும். வழக்கமான அமைப்பில் பிஹெச்பிஸ்டான் இதைப் பற்றி வாய் திறக்காது. ?? போட வேண்டிய சரியான இடம் இதுதான்.

வேறொரு ஃபைல் தனக்குள் இழுத்துக்கொள்ளும் (இன்க்ளூட்) டெம்ப்ளேட் ஃபைல்களில் நேர் எதிர். வேறு ஃபைலிலிருந்து வரும் வேரியபிள்கள் பிஹெச்பிஸ்டானுக்குத் தெரியாததால் வரிக்கு வரி புலம்பும். ஃபைலின் தலையில் @வார் கமென்டில் வகையையும் பெயரையும் எழுதினால் அடங்கும். பழைய தளங்களில் இந்த வேலை அலுப்பூட்டும்.

அந்த அலுப்பில் பேஸ்லைன் வசதியை நாடத் தோன்றும். இருக்கிற எர்ரர்களை ஒரு ஃபைலில் ஒதுக்கிவிட்டுப் புதியவற்றை மட்டும் சொல்லும். மற்ற வகைகளுக்குச் சரி. அன்டிஃபைன்ட் வேரியபிளை அதில் தள்ளாதீர்கள், சர்வர் லாக் அப்படியேதான் நிரம்பும்.

மெமரி போதாமல் பாதியில் நின்றால் மெமரி-லிமிட்டை 1ஜி ஆகக் கொடுங்கள். காசுக்குக் கிடைக்கும் ப்ரோ பதிப்பும் இதே எர்ரர்களைத்தான் பிரவுசரில் காட்டுகிறது. இந்த வேலைக்கு அது தேவையில்லை.