4,999 ரூபாய் வாட்ச்சை நம்பி லேவுக்குப் போகாதீர்கள்

லடாக் கிளம்புகிறவர்கள் இதைப் படித்துவிட்டுப் பெட்டி கட்டுங்கள். ரத்தத்தில் ஆக்சிஜன் எவ்வளவு என்று காட்டும் என்பதற்காகவே ஓர் ஆன்லைன் தளத்தில் 4,999 ரூபாய் கொடுத்து ஸ்மார்ட் வாட்ச் வாங்கினேன். விளம்பரம் முழுக்கப் பனிமலைதான். அப்படியும் பணம் கட்டுமுன் சாட்டில் கேட்டேன், லேவில் சரியாகக் காட்டுமா என்று. “தாராளமாக சார், துல்லியமாகக் காட்டும்” என்றார்கள். ஸ்கிரீன்ஷாட் இருக்கிறது.

லே கிட்டத்தட்ட 3,500 மீட்டர் உயரம். விமானத்தில் போய் இறங்கிய அன்று ராத்திரியே தம்பிக்குத் தலைவலி, வாந்தி, படுத்தால் மூச்சு முட்டியது. வாட்ச்சைக் கட்டினோம், ஆக்சிஜன் 98 சதவீதம். இன்னொரு கையில் கட்டினோம், அதே 98. தம்பியே “98 இருக்குடா, ஒண்ணுமில்ல” என்று எங்களுக்குத் தைரியம் சொன்னான். அவன் இருமல் சத்தம் கேட்டு வந்த கெஸ்ட் ஹவுஸ்காரர் விரலில் மாட்டும் கிளிப்பைக் கொண்டுவந்து மாட்டினார். 71! அவரே வண்டி எடுத்து ஆஸ்பத்திரியில் சேர்த்தார். ஆக்சிஜன் வைத்தபிறகுதான் தம்பிக்கு முகம் தெளிந்தது. புதிதாக வந்து இறங்கியவர்களுக்கு அங்கே 90-ஐ ஒட்டி இருந்தாலே நல்ல அளவாம், 98 என்றாலே சந்தேகப்பட வேண்டுமாம்.

மறுநாள் அந்த வாட்ச்சைச் சுருட்டிய துண்டில் கட்டிப் பார்த்தேன். துண்டுக்கு 97! ஆக்சிஜன் அளக்கச் சிவப்பு ஒளியும் அகச்சிவப்பு ஒளியும் வேண்டும். இதன் பின்பக்கம் எரிவது வெறும் பச்சை விளக்கு. 4,999 ரூபாய்க்குப் பச்சை விளக்கு!

புகார் சொன்னால், முதலில் “இறுக்கிக் கட்டுங்கள் சார்” என்றார்கள். துண்டு வீடியோவை அனுப்பினேன். ஆப்பை அப்டேட் செய்யச் சொன்னார்கள். அப்புறம், “இது மருத்துவக் கருவி அல்ல, ஃபிட்னஸுக்கு மட்டும்”. கடைசியில், திருப்பித் தரும் 7 நாள் கெடு முடிந்துவிட்டதாம். பயணத்துக்காக முன்கூட்டியே வாங்கியவன் 7 நாளுக்குள் லேவுக்குப் போய்ச் சோதித்திருக்க வேண்டும் போல. 4,999 ரூபாய் போனது போனதுதான் என்கிறார்கள்.

என்ன செய்யலாம் என்று விரிவாக எழுத நினைத்தேன், இப்போது அதற்குப் பொறுமை இல்லை. விரல் கிளிப் ஒன்று கொண்டுபோங்கள். குளிரில் விரல் விறைத்திருந்தால் அதுவும் தப்பாகக் காட்டும், தேய்த்துச் சூடாக்கிவிட்டு மாட்டுங்கள். இறங்கியதும் 2 நாள் லேவிலேயே ஓய்வெடுங்கள், உடனே இன்னும் உயரத்தில் இருக்கும் கர்துங் லா கணவாய்க்கு ஓடாதீர்கள். சும்மா இருக்கும்போதே மூச்சு வாங்கினால் எந்த எண்ணையும் பார்க்காமல் ஆஸ்பத்திரிக்குப் போய்விடுங்கள். வாட்ச் வாங்கியே ஆக வேண்டுமென்றால் வந்த அன்றே துண்டில் கட்டிப் பாருங்கள்.

நுகர்வோர் உதவி எண் 1915-ல் புகார் கொடுத்திருக்கிறேன். அந்த வாட்ச் இன்றைக்கும் அதே தளத்தில், அதே 4,999 ரூபாய்க்கு, அதே பனிமலைப் படத்தோடு விற்பனையில் இருக்கிறது.